எதிரே நடந்து வந்தவள்

இந்த ஊரில் மனக்கஷ்டத்தைக் கேட்க ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. செங்கம் சாலையில் இறங்கினால் பத்தடிக்கு ஒரு சாமியார் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். முதலில் நானும் அந்தப் பக்கம்தான் அறை எடுத்திருந்தேன். வந்தவர்களில் பாதிப் பேர் என் கையைத் தங்கள் தலைமேல் வைக்கச் சொன்னார்கள். மூன்றாவது மாதமே மூட்டை கட்டிக்கொண்டு வேங்கிக்காலுக்கு வந்துவிட்டேன். இப்போது என் அறை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. கீழே எப்போதும் கலெக்டர் ஆபீசுக்கு மனு எடுத்துப் போகிறவர்களின் கூட்டம். படியேறுகிறவர் மனுவுக்கு நகல் எடுக்க வந்தவரா, மனசு சரியில்லாமல் வந்தவரா என்று யாருக்கும் தெரியாது. அது எனக்கும் வசதி, வருகிறவர்களுக்கும் வசதி.

நான் மனநல ஆலோசகர். மாத்திரை எழுதும் டாக்டர் அல்ல, பேசுவதுதான் வேலை. அதிலும் என் முறை கொஞ்சம் வேறு. எதிரில் இருப்பவருக்கு என்ன கோளாறு என்று தேடுவதைவிட, அவருக்கும் எனக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பார்ப்பேன். வீட்டில், ஆபீசில், கட்டியவரிடம், பெற்றவரிடம் ஒருவருக்கு என்ன நடக்கிறதோ அது இரண்டு நாற்காலிக்கு நடுவிலும் சீக்கிரமே நடக்க ஆரம்பித்துவிடும். அப்போது எனக்கு உள்ளே என்ன தோன்றுகிறதோ அதை மறைக்காமல் சொல்லிவிடுவேன். ஒரு ரிட்டயர்டு வாத்தியார் பேசப் பேச எனக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. நான்கு வாரம் கையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது வாரம், "நீங்க பேசும்போது எனக்குத் தூக்கம் வருதுங்க. எங்கயோ தூரத்துல நின்னு பேசற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகு மெதுவாக, "எங்க வூட்லயும் யாரும் முழுசா கேக்கறதில்லம்மா" என்றார். அன்றுதான் அவர் உண்மையில் என் அறைக்குள் வந்தார்.

இப்படி ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறவள் நான் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையே உண்டு. அந்தப் பெருமை எங்கே போய் முட்டியது என்பதைத்தான் எழுதப் போகிறேன். வருகிறவர்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். பயத்தை மட்டும் மாற்றவில்லை.

அவளுக்கு முப்பத்து நாலு வயது. அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. வேங்கிக்காலில் புதிதாக வந்த வீடுகளில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருந்தாள். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம், நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். வியாழக்கிழமை தோறும் மூன்று மணிக்கு, ஆபீசில் பர்மிஷன் போட்டுவிட்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு வருவாள்.

முதல் நாளே எல்லாரிடமும் சொல்கிற விதியை அவளிடமும் சொன்னேன். ஊர் சின்னது. கோயில், காய்கறிக் கடை, கிரிவலப் பாதை என்று எங்காவது ஒருவரையொருவர் பார்த்துத்தான் ஆக வேண்டும். "வெளியில பாத்தா நானா வந்து பேச மாட்டேங்க. உங்களுக்கு சங்கடமாயிடக் கூடாது. நீங்க சிரிச்சா நானும் சிரிப்பேன், நீங்க பேசினா நானும் பேசுவேன். முடிவு உங்களோடது" என்றேன். சரிங்க மேடம் என்று சட்டென்று சொன்னாள். அந்தச் 'சரி' அவ்வளவு வேகமாக வந்ததே, ஏன் என்று நான் அன்றே கேட்டிருக்க வேண்டும்.

ஏனென்றால் தெரியாதவர் போல நடத்தப்படுவதில் அவளுக்குப் பதினொரு வருஷப் பழக்கம் இருந்தது. அத்தை மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொன்ன நாளிலிருந்து அவள் அப்பா அவளோடு பேசவில்லை. திட்டவில்லை, அடிக்கவில்லை, வீட்டுக்கு வராதே என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போவாள், சமைப்பாள், அவர் தட்டில் சோறு போடுவாள். அவர் சாப்பிடுவார். அவளைப் பார்க்க மாட்டார். நம் வீடுகளில் பேச்சுவார்த்தை அறுந்துபோவது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் பக்கத்தில் நிற்கிற மூன்றாவது ஆளிடம், 'அவளைச் சாப்பிடச் சொல்லு' என்று காதில் விழும்படி சொல்வார்கள். அது பாதிச் சமாதானம். அந்த மனிதர் பதினொரு வருஷத்தில் ஒரு தடவைகூட அதைச் செய்யவில்லை.

"செவுத்த பாக்கற மாதிரி பாப்பாரு மேடம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அவள் சிரித்தபோதெல்லாம் எனக்குப் பயமாக இருந்தது. ஒருநாள் சம்பந்தமே இல்லாமல், "எங்க கெணத்துல எந்தக் கோடையிலயும் தண்ணி கம்மியாவாது மேடம்" என்றாள், அதே சிரிப்போடு. நான் நேராகக் கேட்டேன், "செத்துப்போகணும்னு தோணுதா?" இந்தக் கேள்வியைக் கேட்டால் இல்லாத நினைப்பு வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். வராது. கேட்காமல் விடுவதுதான் ஆபத்து.

"தோணும் மேடம். ஞாயித்துக்கிழமை மட்டும்."

மனநல டாக்டரிடம் அனுப்பினேன். மாத்திரை சாப்பிட்டாள். அந்த நினைப்பு வந்தால் எந்த நேரமானாலும் என்னை அழைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அவசரத்துக்கு அழைக்க அவளுடைய அண்ணியின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டேன். செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தேன், ஒன்றைத் தவிர. உங்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லவில்லை. வாத்தியாரிடம் தூக்கத்தைச் சொல்ல முடிந்தவளுக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவள் இன்னும் பயந்துவிடுவாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வியாழக்கிழமை இரண்டரை ஆனாலே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். அவள் வராமல் இருந்தால் நன்றாயிருக்குமே என்றும் தோன்றும், வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்றும் தோன்றும்.

அந்த மாதம் பௌர்ணமி செவ்வாய்க்கிழமை வந்தது. பௌர்ணமி அன்று மதியத்துக்கு மேல் எனக்கு வேலை கிடையாது, மலை சுற்றப் போய்விடுவேன் என்று வருகிறவர்கள் எல்லாருக்கும் சொல்லி வைத்திருப்பேன். அன்று என் நாத்தனாரும் கூட வந்தாள். மூன்று மணிக்கே கிளம்பிவிட்டோம். தார் ரோடு கொதித்தது. லாரியில் தண்ணீர் அடித்துவிட்டுப் போன இடமாகப் பார்த்துக் கால் வைத்து நடந்தோம். பாதி வழியில் அடி அண்ணாமலை வருவதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது.

மலையை வலமாகத்தான் சுற்றுவது. அத்தனை ஆயிரம் பேரும் ஒரே பக்கமாகப் போகும் ரோட்டில் எதிர்ப்பக்கமாக யாரும் வருவதில்லை. அன்று ஒருத்தி வந்தாள். கூட்டம் அவளுக்காக விலகி, முறைத்துவிட்டு, மறுபடி சேர்ந்துகொண்டது. "என்னடி இது, அபசகுனமாட்டம் எதுக்க வருது ஒண்ணு" என்று நாத்தனார் முணுமுணுத்தாள். அடையாள அட்டையைப் பார்த்ததும் அவள்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பத்தடி தூரத்தில் அவள் பார்வை என்மேல் நின்றது. வெளியில் நானாக அடையாளம் காட்டிக்கொள்வதில்லை என்ற விதிப்படி நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் கடந்து போனாள். இப்படித்தான் இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு அவள் வரவில்லை. மூன்று பத்துக்கு அழைத்தேன். ஃபோன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கீழே ஜெராக்ஸ் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. படியில் காலடிச் சத்தம் கேட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். தாலுகா ஆபீஸ் எந்தப் பக்கம் என்று ஒருவர் கேட்டார். அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

என்னோடு படித்த தோழி ஒருத்தி சென்னையில் இதே வேலை செய்கிறாள். சிக்கலான நேரத்தில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். பெயர் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ரோட்டுல உன்னப் பாத்தப்ப அவ என்ன பண்ணா?" என்றாள்.

"ஒண்ணும் பண்ணல."

"நல்லா யோசிச்சு சொல்லு."

யோசிக்க ஒன்றுமில்லை. அவள் கையைத் தூக்கினாள். பாதி தூக்கிய கை, மார்புக்கு நேராக, ஆபீசில் பெரிய அதிகாரியிடம் ஏதோ கேட்கப் போகிறவள் போல. நாத்தனார் அதைப் பார்த்துவிட்டாள். "உன்னப் பாத்துதான் கை காட்டுது. யாரது?" என்று கேட்டாள். "தெரியலையே" என்றேன். முணுமுணுக்கவில்லை, நன்றாகவே சொன்னேன். அப்போது அவளுக்கும் எனக்கும் நாலடிகூட இல்லை.

விதி என்ன சொன்னது? நீங்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன் என்றது. அவள் கை காட்டினாள். நான்தான் விதியை மீறினேன். காலில் கொப்புளம், கூட நாத்தனார், மாதத்தில் எனக்கென்று இருக்கிற ஒரே சாயங்காலம். இன்றைக்கும் இவளா, வியாழக்கிழமை பயந்துகொள்ளலாம், இன்றைக்கு வேண்டாம் என்று நினைத்தேன். அவள் அப்பா பதினொரு வருஷமாகச் செய்ததை நான் ஒரு நொடியில் செய்து முடித்தேன்.

"அண்ணிக்கு ஃபோன் போடு. இப்பவே" என்றாள் தோழி.

அண்ணி எடுத்தாள். அவளுக்குத் தெரிஞ்சவங்க பேசறேன் என்று சொன்னேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"நேத்தே வந்துடுச்சுங்களே. லீவு போட்டேன்னு சொல்லுச்சு. காலையில சாப்புடக்கூட இல்ல. மத்தியானம் நெலத்துக்குப் போச்சு. மாமாவும் பின்னாடியே போனாரு, ரெண்டு பேரும் இன்னும் வரல."

"கெணறு இருக்கற நெலமா?"

"ஆமாங்க" என்றாள். சொல்லும்போதே அவளுக்கும் புரிந்துவிட்டது. உடனே போங்க, தனியா விடாதீங்க, நானும் வரேன் என்றேன். அறையைப் பூட்டினேனா என்பதுகூட நினைவில்லை.

ஸ்கூட்டியில் நாற்பது நிமிஷம். வழியில் கரும்பு டிராக்டர் ஒன்று முன்னால் வழிவிடாமல் அசைந்துகொண்டே போனது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன். வராமல் இருந்தால் நன்றாயிருக்குமே என்று நினைத்தவள் நான்தான். நினைப்பதற்கெல்லாம் பலன் உண்டு என்று நம்புகிற ஆள் இல்லை நான், ஆனால் அன்று நம்பினேன்.

ஊர் எல்லையில் கேட்டதும் நிலத்துக்கு வழி காட்டினார்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத பெரிய கிணறு. மோட்டார் கொட்டகைக் கதவில் அடையாள அட்டை மாட்டியிருந்தது. படியில் கைப்பையும் ஃபோனும் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

பிறகுதான் அவளைப் பார்த்தேன். கிணற்றின் விளிம்பில் உள்பக்கமாகக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கிணற்றுக்கு மறுகரையில் ஒரு பெரியவர், தோளில் துண்டு, வரப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் அப்பா. மதியத்திலிருந்து அங்கேயே இருந்திருக்கிறார். மகள் எதற்கு வந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். எழுந்து போகவும் இல்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

"யாரு இவங்க? உன்னத் தெரியும்னாங்க" என்று அண்ணி அவளிடம் கேட்டாள்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சுவரைப் பார்ப்பது போல.

"தெரியலையே" என்றாள்.

தெரிந்தவர்களே தெரியாதவர் போல நடத்தினார்கள் என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள். நானும் தலையாட்டி, எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. உடம்பு இருக்கும்போதே ஆளைத் துடைத்துப் போட்டது போல இருந்தது அது.

மண்ணிலேயே உட்கார்ந்தேன். "எனக்கு இவங்களத் தெரியும்" என்று அண்ணியிடம் சொன்னேன். பிறகு அவளிடம், "அன்னிக்கு ரோட்டுல நான் உங்களப் பாத்தேன். நீங்க கை தூக்கினதையும் பாத்தேன். பாத்துட்டுத்தான் தெரியலன்னு சொன்னேன். அது தப்பு. உங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல, என் மேலதான்" என்றேன். இன்னும் என்னென்னவோ சொல்லத் தோன்றியது. சொன்னால் எனக்கு ஆறுதலாக இருக்கும், அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்ததால் வாயை மூடிக்கொண்டேன். அவள் கால் உள்ளேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுகரையிலிருந்து ஒரு தொண்டைச் செருமல் கேட்டது. அவர் என்னைப் பார்த்துப் பேசினார்.

"பொழுது போவுது. அத வூட்டுக்குப் போவச் சொல்லும்மா."

என் முறைப்படி நான், நீங்களே சொல்லுங்க என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேர் பேச வேண்டியதை நடுவில் நின்று நான் பேசுவதில்லை. ஆனால் அவள் கால் இன்னும் கிணற்றுக்குள் இருந்தது. "அப்பா உங்கள வீட்டுக்கு போகச் சொல்றாருங்க" என்றேன். எல்லார் காதிலும் விழுந்த சங்கதியைத் திரும்பச் சொன்னேன்.

அவள் அழ ஆரம்பித்தாள். அண்ணி அவளைப் பின்னால் இழுத்து மடியோடு சாய்த்துக்கொண்டாள். அன்று ராத்திரி அவளை யாரும் தனியாக விடவில்லை. மறுநாள் அண்ணியே டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

அடுத்த வியாழக்கிழமை மூன்று மணிக்கு வந்தாள். உட்கார்ந்தாள். சிரிக்கவில்லை.

"பௌர்ணமிக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை நான் போட்ட சோத்த அப்பா தட்டோட நகத்திட்டாரு மேடம். அதுவரைக்கும் சாப்பிடவாவது செய்வாரு. அத உங்ககிட்ட சொல்லணும்னுதான் அன்னிக்கு ரோட்டுக்கு வந்தேன். ஃபோன் பண்ணா தொந்தரவுன்னு நெனச்சேன். நீங்க பௌர்ணமிக்கு சுத்துவீங்கன்னு சொல்லியிருந்தீங்க. பின்னாடி வந்தா அவ்ளோ கூட்டத்துல புடிக்க முடியாது. எதிர்ல வந்தா எங்கயாவது ஒரு எடத்துல பாத்துதானே ஆவணும்?"

மணிக்கணக்கில் நடந்திருக்கிறாள், முறைத்த முகங்களுக்கு நடுவில் என் முகத்தைத் தேடிக்கொண்டு.

"நீங்க தெரியலைன்னு சொன்னது நல்லா கேட்டுச்சு. அப்புறம்தான் ஊருக்குப் போயிடலாம்னு தோணுச்சு. இத வேற யாருகிட்டயும் சொல்ல முடியாது மேடம். உங்ககிட்டதான் சொல்லணும்."

விளக்கம் சொல்ல நாக்குத் துடித்தது. அடக்கிக்கொண்டு, ஆமாம் என்று மட்டும் சொன்னேன். பிறகு முதல் மாதமே சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். "உங்கள நெனச்சா எனக்கு பயமா இருக்குங்க. மொதல்ல இருந்தே. நீங்க சிரிச்சிக்கிட்டே கெணத்தப் பத்தி சொன்னீங்களே, அன்னிக்கு ரொம்ப பயந்துட்டேன். சொல்லத் தெரியாம மூஞ்சிய திருப்பிக்கிட்டேன்."

"எங்கப்பா மத்தியானம் முழுக்க அங்கயே உக்காந்திருந்தாரே. கோவத்துலன்னு நெனச்சேன். அவரும் பயந்துபோய்தான் உக்காந்திருந்தாரா?"

"எனக்குத் தெரியாதுங்க. அவரத்தான் கேக்கணும்."

"யார வெச்சி கேக்கறது?"

நேராத்தான் என்றேன். அவள் எழுந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் குளிக்கப் போனால்கூட ஃபோனை எடுத்துக்கொண்டு போனேன்.

ஞாயிறு மதியம் அவள் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் ஆண் குரல்.

"நான் அதோட அப்பா பேசறேம்மா. அது என்கிட்ட ஒண்ணு கேட்டுது."

"அவங்க எங்க?"

"இங்கதான் நிக்குது, எதுக்கால. நான் உங்கிட்ட சொல்றேன், நீ அதுகிட்ட சொல்லிடறியா?"

சுவரில் சாய்ந்துகொண்டேன். கிணற்றங்கரையில் செய்ததையே செய்துவிடலாம் என்று இருந்தது. இந்த ஒரு பதிலும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்றும் தெரியும். "முடியாதுங்க ஐயா" என்றேன். "எதுக்கால நிக்கறாங்க இல்ல, நீங்களே சொல்லுங்க."

அதற்கு மேல் நான் பேசவில்லை, ஃபோனை வைக்கவும் இல்லை. மறுமுனையில் அந்தப் பெரியவரின் மூச்சு மட்டும் கேட்டது. ஒரு நிமிஷம் இருக்கலாம், இரண்டு நிமிஷம்கூட இருக்கலாம். எங்கோ ஒரு பாத்திரம் விழுந்தது. வைத்துவிடப் போகிறார் என்றே நினைத்தேன்.

"பயமாத்தான் இருந்துச்சி" என்றது குரல், ஃபோனைவிட்டுத் தள்ளி, வேறு பக்கம் பார்த்து. "பயமாத்தான்டி இருந்துச்சி."

அதற்குப் பிறகு அங்கே யாரும் என்னிடம் பேசவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு ஃபோனை வைத்தேன்.